செட்டைப் பிரிக்கக் கூடாது

ஞாயிற்றுக்கிழமை காலையில், பிரஷை வாயிலிருந்து எடுக்காமலேயே, கறார் ஒரு சபதம் செய்தார்.

"எஞ்சினைப் பெருசாக்கப் போறேன்."

நுரை சட்டையில் விழுந்தது. சபதம் விழவில்லை.

சமையலறையில் மனைவி மாவு நிறுத்துக்கொண்டிருந்தாள். நிறுப்பதை நிறுத்தவில்லை. "எந்த எஞ்சினை?"

"நம்ம வீட்டுல என்ன, எஞ்சின் ரயில்வே ஷெட்டு மாதிரி வரிசையாவா நிக்குது? கார் எஞ்சினைத்தான்."

"ஏன், இருக்கிறதுக்கு என்ன?"

"என்னவா? நேத்து மலை ரோட்டுல நடந்தது உனக்குத் தெரியாதா? நீயும்தான பக்கத்துல உக்காந்திருந்தே?"

"உக்காந்திருந்தேன். கண்ணை மூடிக்கிட்டு."

நடந்தது இதுதான். கறாரின் கார் உருண்டையான பழைய கார். எஞ்சின் பின்னால். தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது, காற்றுதான் அதைக் குளிர வைக்க வேண்டும். அவர்களுடைய கல்யாணத்தை விட அந்தக் காருக்கு வயது அதிகம், முனகலும் அதிகம். நேற்று மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் அது முதல் கியரில் மூச்சிரைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஓட்டியவன் மனைவியின் தம்பி. பின்னால் அவன் பெண்டாட்டி. கால்களுக்கு நடுவே ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. ஸ்கூட்டர் காரைத் தாண்டியது. தாண்டிப் போயிருந்தாலும் பரவாயில்லை. வேகத்தைக் குறைத்து, ஜன்னல் பக்கம் வந்து, கேட்டானே ஒரு கேள்வி.

"மாமா, தள்ளட்டுமா?"

கறாருக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

கறார் என்பது அம்மா அப்பா வைத்த பெயர் இல்லை. ஊர் வைத்தது. இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், வாசக்கால் வாங்கி விற்பவர். பதினோரு வயதில் அடுத்தவன் கதவைச் சுமந்தவர், இன்று தன் கதவை விற்கிறார். நடுவில் இருக்கும் முப்பத்தைந்து வருஷமும் அடி வாங்கிப் படித்த படிப்பு. அதில் அவர் கற்றது இரண்டே பாடம். ஒன்று, எவன் எந்த விலை சொன்னாலும் பாதிக்குக் கேள். இரண்டு, கையில் கை தட்டிவிட்டால் தலையே போனாலும் பேச்சு மாறாதே. ஒருமுறை கை தட்டிவிட்டு வந்த பிறகு பன்னிரண்டு ஜன்னலையும் கரையான் தின்றிருப்பது தெரிந்தது. பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். வரும்போது வழியெல்லாம் உதிர்ந்தன. அவர் வாய் திறக்கவில்லை.

காரிலும் அதே கறார்தான். ஹாரன் செத்து ஆறு வருஷம். புது ஹாரனைப் பாதி விலைக்குத் தரக் கடைக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து கறாரே ஹாரன். வளைவு வந்தால் கண்ணாடியை இறக்கி, கழுத்தை வெளியே நீட்டி, "பாம் பாம்" என்பார். எதிரே வருகிறவன் காரைப் பார்த்து ஒதுங்கினானோ கழுத்தைப் பார்த்து ஒதுங்கினானோ, ஒதுங்கினான்.

"இன்னும் மூணு வாரத்துல மலை மேல ஓட்டல் ஆர்டர் இருக்கு," என்றாள் மனைவி. வீட்டிலேயே கேக்கும் ரொட்டியும் செய்து விற்பவள் அவள். "மூணு அடுக்கு கேக்கு. அது ஒழுங்கா போய்ச் சேர்ந்தா வாரா வாரம் அவங்களுக்கு நான்தான். மூணு வருஷமா அவங்க வாசப்படி ஏறி இறங்கி வாங்கினது. நான் வேன் சொல்லிடறேன்."

"வேனா? வீட்டுல கார் வச்சுக்கிட்டு வேனா? என் மானம் என்னாகறது?"

"மானம் மலை ஏறாதுங்க. கேக்கு ஏறணும்."

"ஏறும். எஞ்சின் பெருசானா கேக்கு என்ன, அடுப்போட சேர்த்து ஏறும்."

"சரி. அன்னைக்குக் கார் தயாரா இருந்தா கார். இல்லேன்னா வேன். ஆனா வாரா வாரம் போகணுமே. உங்களுக்குக் கடை இருக்கு. யார் ஓட்டறது?"

"நான்தான். வேற யாரு? நீயா?" கறார் சிரித்தார். மீதி நுரையும் சட்டைக்கு வந்தது. "உன் கால் பிரேக் மிதிக்கு எட்டுமா? நாலே முக்கால் அடி. நீ உக்காந்தா வெளியில இருந்து பாக்கறவனுக்கு ஆளில்லாத கார் ஓடற மாதிரி இருக்கும்."

அவள் கேக் கணக்கு எழுதும் நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டாள். பிறகு, "மூணு மணிக்குக் கிளாஸ் போறேன். சாவி பக்கத்து வீட்டுல," என்றாள்.

"ரெண்டு மாசமா கிளாஸ் போறே. கேக்குல பூ வைக்க இன்னுமா கத்துக்கல?"

"வளைவுதாங்க கொஞ்சம் கஷ்டமா இருக்கு."

கறாருக்குப் பூவின் வளைவைப் பற்றி அக்கறை இல்லை. அவர் பார்ட்ஸ் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

பழைய கார்களுக்கு உதிரிபாகம் விற்கும் அந்தக் கடைக்காரரை எல்லோரும் செட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் செட்டாகத்தான் விற்பார். உதிரியாகக் கேட்டால் உங்கள் நெற்றியைப் பார்ப்பார், காய்ச்சல் இருக்கிறதா என்று.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் நான்கு பிஸ்டன், நான்கு சிலிண்டர், முட்டை மாதிரி தனித்தனிக் குழியில்.

"என்ன விலை?"

செட்டு சொன்னார்.

"பாதிக்குக் குடுங்க."

"பாதிக்கு எப்படிண்ணே?"

"அப்ப ரெண்டு பிஸ்டன் மட்டும் குடுங்க. அது பாதி விலைதான? மீதி ரெண்டை வேற இடத்துல பாத்துக்கறேன்."

செட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "செட்டைப் பிரிக்கக் கூடாதுண்ணே. நாலும் ஒரே எடை பாத்து, ஒரே கையால சேர்த்து வச்சது. பிரிச்சா பாவம்."

"பிஸ்டன்தானய்யா இது, நாலு பிள்ளைங்களா?"

"பிள்ளைங்களைக் கூட ஆஸ்டல்ல விடலாம். செட்டைப் பிரிக்க மாட்டேன். விலையையும் பிரிக்க மாட்டேன்."

"இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான் கடை வச்சிருக்கியா? இனி உன் கடைப் படியை மிதிச்சேன்னா என் பேர் கறார் இல்ல."

"உங்க பேர் அது இல்லண்ணே, எப்பவுமே," என்றார் செட்டு அமைதியாக.

அடுத்த ஐந்து நாள் கறார் அலைந்தார். கடைசியில் ஜெயித்தார். இருப்பதிலேயே பெரிய அளவு பிஸ்டன் நான்கு, நான்கு இடத்தில். ஒன்று காயலான் கடையில். ஒன்று டயர் கடையில் கல்லாப்பெட்டி மேல் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருந்தது. ஒன்று மூடிப்போன ஒர்க்ஷாப்பின் ஏலத்தில். நான்காவதை வைத்திருந்தவர் அதில் பேனா போட்டு வைத்திருந்தார்; பேனாக்களை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். நான்கும் பாதி விலைக்கும் கீழே.

வெற்றி வீரரைப் போல வந்து, சமையலறை மேஜையில், ஆறிக்கொண்டிருந்த கப் கேக்குகளுக்கு நடுவே நான்கையும் வரிசையாக வைத்தார். மெக்கானிக்கையும் வரச் சொல்லியிருந்தார். ஒல்லியான மனிதன். கதவைத் திறக்காமலேயே இடுக்கு வழியாக வந்துவிடுவான் போலிருக்கும். பேசவும் சிக்கனம்.

"பாருய்யா. எப்படி?"

மெக்கானிக் பார்த்தான். "ம்."

"என்ன ம்? சைஸ் நாலும் ஒண்ணு. அளந்து பாரு."

"சைஸ் சரிண்ணே." அவன் தயங்கினான். மனைவியைப் பார்த்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, மாவு நிறுக்கும் தராசைத் துடைத்து, முதல் பிஸ்டனை அதன் மேல் வைத்தாள்.

"ஐந்நூத்திப் பன்னெண்டு கிராம்."

இரண்டாவது. "நானூத்தித் தொண்ணூறு."

மூன்றாவது. "ஐந்நூத்தி முப்பத்தாறு. இதுல இங்க் இருக்கு, துடைச்சா ஒரு கிராம் குறையும்."

நான்காவது. "நானூத்தி எண்பத்தொண்ணு."

"அதுக்கென்ன இப்போ?" என்றார் கறார். "இது என்ன தங்கமா, கிராம் கணக்கு பாக்க?"

"ஒரு செட்டுக்குள்ள அஞ்சு கிராமுக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாதுண்ணே," என்றான் மெக்கானிக். அவனுடைய ஒரு வாரப் பேச்சு அதில் தீர்ந்திருக்கும்.

"இருந்தா?"

"உதறும்."

"கொஞ்சம் உதறட்டும். என் கார் எப்பத்தான் உதறல?"

மனைவி தராசின் சுவிட்சை அணைத்தாள். "ஏங்க, நாலு பேர் சேர்ந்து ஒரு வாசக்காலைத் தூக்கிட்டுப் போறீங்க. மூணு பேர் ஒரே நடை நடக்கறாங்க. ஒருத்தன் மட்டும் குண்டா, வேற நடை. என்ன ஆகும்?"

கறாரின் நாக்கு தானாகப் போய் முன்பல்லைத் தடவியது. பாதிப் பல். மீதிப் பாதி, பதினான்கு வயதில் அப்படிப்பட்ட ஒரு வாசக்காலோடு போனது.

அவர் வாதத்தை நிறுத்தினார். தோற்றதால் இல்லை. பல் கூசியதால்.

"அதோட," மெக்கானிக் அடுத்த வாரப் பேச்சையும் முன்பணமாக எடுத்தான், "இவ்ளோ பெரிய சைஸ் போட்டா எஞ்சின் கூட்டையே லேத்துல கடையணும். சிலிண்டரை மூடற ஹெட்டையும் கடையணும். சூடு தாங்காது. காத்து மட்டும்தான இதுக்கு."

"சின்ன அடுப்புல பெரிய டின் வச்ச மாதிரி," என்றாள் மனைவி. "ஓரம் கருகும். நடு வேகாது. ஒரு சைஸ் கம்மியா போட்டு, அதுக்குத் தகுந்த ஹெட்டு, அதுக்குத் தகுந்த கேம்ஷாஃப்ட்டு, அதுக்குத் தகுந்த கார்புரேட்டர்னு போனா மெதுவா, பிடிவாதமா ஏறும். மலைக்கு அதுதான வேணும்?"

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"கேக்குதாங்க சொல்லுச்சு. முட்டை ஒண்ணு கூடினா மாவும் கூடணும், டின்னும் மாறணும், சூடும் மாறணும். ஒண்ணை மட்டும் பெருசாக்கினா எதுவும் பெருசாகாது, பொங்கி வெளியில வரும்."

கறார் கோபமாக ஒரு கப் கேக்கை எடுத்துத் தின்றார். அது நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

அன்று மாலையே மெக்கானிக் எஞ்சினைப் பிரித்து ஹெட்டுகளைக் கொண்டுவந்தான். கறார் கடையிலிருந்து வந்து பார்த்தால் சமையலறை மேஜையில் ஹெட்டு மல்லாந்து கிடக்கிறது. மனைவி எசென்ஸ் அளக்கும் ஊசியால் அதன் குழிக்குள் சிவப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். மெக்கானிக் குறித்துக்கொள்கிறான். நான்கு குழியிலும் ஒரே அளவு பிடிக்க வேண்டுமாம். எது கூடுதல், எது குறைவு, எதை எவ்வளவு கடைய வேண்டும் என்று நோட்டு நிறைய எழுத்து.

"எனக்குக் காபி உண்டா, இல்ல அதையும் ஊசியில விடுவியா?"

"அடுப்புல இருக்குங்க. பக்கத்துல இருக்கற சட்டியைத் தொடாதீங்க, அதுல வால்வு ஊறுது."

அந்த நான்கு பிஸ்டன்களையும் திருப்பி எடுத்துக்கொள்ள யாரும் தயாராக இல்லை. மூன்று பேர் சிரித்தார்கள். பேனாக்காரர் மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார், பாதி விலைக்கு. கறார் வாழ்க்கையில் முதல்முறையாகப் பாதி விலை என்ற சொல்லைக் கேட்டுக் கோபப்பட்டார். இரண்டு பிஸ்டன் வீட்டுக் கதவுக்கு முட்டுக்கட்டை ஆயின. இரண்டு கடைக் கதவுக்கு.

நாள் ஓடியது. இனி செட்டு கடைதான். ஆனால் படி மிதிக்க மாட்டேன் என்று சொன்ன வாய் இருக்கிறதே.

"நான் வேணா போய்ப் பேசட்டுமா?" என்றாள் மனைவி.

"நீயா? தக்காளிக்காரன் சொன்ன விலையைக் குடுத்துட்டு, 'பத்தலைன்னா சொல்லுங்க'ன்னு கேக்கறவ நீ. உனக்குப் பேரம் தெரியுமா?"

"தெரியாதுங்க. அதனால லிஸ்ட்டை மட்டும் குடுத்துட்டு வந்துடறேன். பேரத்தை நீங்கதான் பேசணும். உங்களைத் தவிர யாரால முடியும்?"

கடைசி வாக்கியம் கறாரின் காதில் தேனாக இறங்கியது. வெகுநாளாக யாரும் உண்மை பேசிக் கேட்டதில்லை.

"எத்தனை அயிட்டம்?"

"பதினாலு. படிக்கட்டுமா?"

"எதுக்கு? பேரத்துக்கு அயிட்டம் முக்கியமில்ல. மொத்த விலைதான் முக்கியம். தனித்தனியா பாத்தா மனசு இளகிடும்."

"சரிங்க."

மறுநாள் மதியம் கறார் செட்டு கடைக்குப் போனார். படியை மிதிக்கவில்லை. ஒரே தாவலாகத் தாண்டி உள்ளே போனார். சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது. முழங்கால்தான் கொஞ்சம் பிசகியது.

செட்டு விலை சொன்னார்.

அப்படி ஒரு விலையைக் கறார் கேட்டதில்லை. அந்த விலைக்கு ஒரு யானையையும் பாகனையும் சேர்த்தே கொடுக்கலாம். அவருக்கு ரத்தம் சூடானது. சந்தோஷமாகச் சூடானது. உயர உயரச் சொல்கிறவனிடம்தான் அடித்துக் குறைக்க இடம் இருக்கும்.

"பாதி," என்றார்.

"அண்ணே, நான் பிள்ளைகுட்டிக்காரன்."

"நான் என்ன சாமியாரா? பாதி."

"முக்கால்."

"பாதி."

செட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். பெருமூச்சு விட்டார். முன்பு ஒரு சல்லி இறங்காத மனிதர், இன்று கறார் முறைத்த ஒவ்வொரு முறைப்புக்கும் ஒரு படி இறங்கினார். முக்காலிலிருந்து அரைக்கு வர அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"சரிண்ணே. பாதி. ஆனா ஒரே நிபந்தனை."

"சொல்லு."

"செட்டைப் பிரிக்கக் கூடாது. பதினாலையும் எடுத்துக்கணும். எடுத்தா மட்டும் போதாது, பதினாலையும் மாட்டணும். ஒண்ணைக் கூட கழட்டி வைக்கக் கூடாது."

"காசு குடுத்து வாங்கிட்டு ஒரு ஆணியை விட்டுட்டுப் போறவனா நான்?"

"இருந்தாலும் லிஸ்ட்டைப் படிச்சிடறேன். ஒண்ணு, பிஸ்டன் சிலிண்டர் நாலு. ரெண்டு, வால்வு ஸ்பிரிங்கு. மூணு, கேம்ஷாஃப்ட்டு. நாலு, எண்ணெய் பம்ப்பு. அஞ்சு..."

கறாருக்குப் பதற்றம். இவன் படித்துக்கொண்டே போனால், அட இவ்வளவு சாமானையா பாதிக்குக் கொடுக்கிறோம் என்று அவனுக்கே தோன்றிவிடும்.

"யோவ், நிறுத்துய்யா. கையை நீட்டு."

செட்டு கையை நீட்டினார். கறார் தட்டினார். பக்கத்துக் கடை வரை கேட்டது.

வீட்டுக்கு விசில் அடித்துக்கொண்டே வந்தார். மனைவி கண்ணை அகல விரித்துக் கேட்டாள். "பாதிக்கா? எப்படிங்க?"

"அது பிறவியிலேயே வரணும்மா. கிளாஸ் போனா வராது."

"வாஸ்தவம்," என்றாள் அவள். "மூணு மணி ஆச்சு. கிளாஸுக்குப் போயிட்டு வந்துடறேன்."

அடுத்த பத்து நாளும் கறார் தினமும் மெக்கானிக்கின் ஷெட்டுக்குப் போனார். காரின் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு நட்டு இறுகும்போதும் தானும் பல்லைக் கடித்து இறுகினார். "இன்னும் ஒரு சுத்து." "போதும்ணே." "ஒரு சுத்துய்யா." "உடையும்ணே." "உன் கை வலிக்குதுன்னு சொல்லு." மெக்கானிக் பதிலுக்குக் காரின் முன்பக்கம் போய், தார்ப்பாய்க்குள் நுழைந்து, அங்கே ஏதோ வெல்டிங் செய்துகொண்டிருந்தான். நீலமாகப் பொறி பறந்தது. கறார் கவனிக்கவில்லை. எஞ்சின் பின்னால் இருக்கும் கார் அது. முன்பக்கம் பார்க்க என்ன இருக்கிறது?

வீட்டில் கண்ணாடி முன் நின்று ஒத்திகை வேறு. இடது புருவத்தைத் தூக்கி, ஜன்னலில் முழங்கையை வைத்த பாவனையில்: "மாப்ளே, தள்ளட்டுமா?" மறுபடி, கொஞ்சம் அலட்சியமாக: "என்ன மாப்ளே, தள்ளட்டுமா?" மச்சினனும் அன்றைக்கு மலைக்கு வருகிறான் என்று அவருக்குத் தெரியும். கேக்கை அடுக்க அக்காவுக்கு உதவி. ஸ்கூட்டரில்தான் வருவான்.

சனிக்கிழமை வந்தது. கறார் இஸ்திரி போட்ட சட்டையில், வாசலில், கை கட்டி நின்றார். தெருமுனையில் கார் திரும்பியது. சத்தமே இல்லை. இல்லை, இருந்தது, ஆனால் நல்ல தையல் மிஷின் ஓடுவதுபோல, ஒரே சீராக. உதறல் இல்லை. இருமல் இல்லை. பின்னால் புகை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். கறாரின் நெஞ்சு ஒரு சைஸ் பெரிதானது.

மெக்கானிக் இடுக்கு வழியாக இறங்கினான். கறார் கதவைத் திறந்து வலது காலை உள்ளே வைத்தார். இடுப்பை வைத்தார். அதோடு நின்றது.

ஸ்டீயரிங் வயிற்றில் இருந்தது.

மூச்சை இழுத்துப் பார்த்தார். முழங்கால் காதுக்கு வந்தது. தலை கூரையில் இடித்தது. அடியில் ஏதோ திண்டு, வீட்டுத் தலையணை இரண்டை அடுக்கிய உயரம். மிதிகளோ மூன்றும் முட்டி போட்டுக்கொண்டு அவரை நோக்கி நீண்டிருந்தன.

"யோவ், சீட்டைப் பின்னால தள்ளு."

"தள்ள முடியாதுண்ணே."

"ஏன்?"

"வெல்டு."

"எவன் வெல்டு பண்ணச் சொன்னான்?"

மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து லிஸ்ட்டை எடுத்தான். எண்ணெய் விரலால் கீழே காட்டினான். பன்னிரண்டு, முன்னால் நகர்த்திய சீட்டு. பதின்மூன்று, உயரத் திண்டு. பதினான்கு, மிதிக்கட்டைகள் மூன்று.

"இது எஞ்சின் பார்ட்ஸா?"

"செட்டுண்ணே."

"கழட்டு."

"கழட்டக் கூடாதுன்னு கடைக்காரர் சொன்னாரே. நீங்க கை தட்டிட்டீங்களாம். பக்கத்துக் கடை வரைக்கும் கேட்டுச்சாம்."

கறார் காரிலிருந்து வெளியே வர ஐந்து நிமிஷம் ஆனது. இஸ்திரி போட்ட சட்டை கரையான் தின்ற ஜன்னல் மாதிரி ஆகியிருந்தது. அதற்குள் மனைவி பெட்டிகளை வாசலுக்குக் கொண்டுவந்திருந்தாள். மேல் இரண்டு அடுக்கும் பின்சீட்டில் போயின. அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். கைப்பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து மெக்கானிக்கிடம் காட்டினாள். அவன் முதன்முறையாகச் சிரித்தான்.

"லைசென்ஸா?" என்றார் கறார். "எப்ப வாங்கினே?"

"போன வாரம்."

"கேக்கு கிளாஸ்னு சொன்னியே."

"கிளாஸ்னுதாங்க சொன்னேன். கேக்குன்னு நீங்களா சேர்த்துக்கிட்டீங்க."

"எல்லாரும் சேர்ந்து என்னை..."

"மணி ஆகுதுங்க. ஏறுங்க. அடி அடுக்கை மடியில வச்சுக்கணும். பின்னால வச்சா வளைவுல நகரும்."

கறார் தெருவைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் பேப்பரை முழுவதுமாக மடித்து வைத்துவிட்டார். வேன் சொல்லலாமா? வேன் சொன்னால் எஞ்சின் தோற்றது என்று ஆகும். காரில் ஏறினால் அவர் தோற்றார் என்று ஆகும். எஞ்சினாவது ஜெயிக்கட்டும் என்று ஏறினார். மடியில் கேக் வந்தது. அதற்குப் பிறகு கையை எதற்கும் தூக்க முடியவில்லை.

கார் போனது. எப்படிப் போனது என்பதுதான் கொடுமை. வழுக்கிக்கொண்டு போனது. முதல் வளைவு. இரண்டாவது. அவர் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தார். அது அவளுடைய பழைய வேலை என்று ஞாபகம் வந்து திறந்துகொண்டார். மூன்றாவது வளைவில் அவள் கியரைக்கூட இறக்கவில்லை. கேக் ஒரு நூல் அசையவில்லை.

"நல்லா இழுக்குதுல்ல?" என்றாள்.

"பாதி விலைக்கு வாங்கினது யாரு?" என்றார் கறார். கடைசியாக மிச்சம் இருந்த ஒரே பெருமை.

அவள் அடுத்த வளைவைப் பக்குவமாகத் திருப்பி முடித்தாள்.

"அது வந்துங்க. லிஸ்ட்டு குடுக்கப் போனப்ப அவர் சரியான விலைதான் சொன்னாரு. நான்தான், 'எங்க வீட்டுக்காரர் வருவாரு, ரெண்டு மடங்கு சொல்லுங்க, பாதியிலதான் நிப்பாரு'ன்னு சொல்லிட்டு வந்தேன். பாவம், நடிக்க வராதுன்னாரு. கண்ணாடியைத் துடைங்க, தண்ணி குடிங்கன்னு சொல்லிக் குடுத்தேன்."

கறார் மடியில் இருந்த கேக் பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் வியாபாரி சாகும்வரை வியாபாரி. "இந்தா பாரு," என்றார் கறார். "நடந்தது நடந்துபோச்சு. போகும்போது நீ ஓட்டு. வரும்போது நான். பாதிக்குப் பாதி."

"உள்ள நுழைய முடியாதுங்களே."

"கியராவது நான் போடறேன்."

"மடியில கேக்கு இருக்கு."

"என் காரும்மா இது. எனக்குன்னு ஒண்ணாவது குடு. ஏதாவது ஒண்ணு."

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "சரி. ஹாரன் உங்களுக்கு. எப்பவும், யார் ஓட்டினாலும். அதுக்கு மேல கேக்கக் கூடாது."

கறாருக்குச் சட்டென்று உயிர் வந்தது. ஸ்டீயரிங்கின் நட்ட நடுவில் இருப்பது ஹாரன். அங்கே கை வைக்கும் உரிமை சாமானியமா? ஒன்றுமில்லாமல் போன பேரத்தில் இவ்வளவு தேற்றியிருக்கிறார்.

"பேச்சு மாறக் கூடாது," என்றார்.

"மாற மாட்டேன்."

கேக்குக்குக் கீழிருந்து ஒரு கையை மெல்ல உருவி நீட்டினார். அவள் ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமலே தட்டினாள்.

கடைசி வளைவு. முன்னால் ஒரு ஸ்கூட்டர். ஓட்டுகிறவன் மச்சினன். பின்னால் அவன் பெண்டாட்டி, அவள் மடியில் ஒரு கூடைப் பூ. ஏற்றத்தில் ஸ்கூட்டர் இருமிக்கொண்டு, நடுரோட்டில், நடந்து போகிறவன் வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. கறாரின் இடது புருவம் தானாக மேலே போனது. மூன்று வாரமாக ஊற வைத்த கேள்வி நாக்கு நுனிக்கு வந்தது.

"தம்பி நடுவுல போறான்," என்றாள் மனைவி. "ஹாரன் அடிங்க."

கை ஸ்டீயரிங்கை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. ஆறு வருஷம் ஞாபகம் வந்தது. பதினான்கு அயிட்டமும் ஞாபகம் வந்தது. அதில் ஹாரன் இல்லை.

"அடிங்கன்னு சொன்னேன்ல."

கறார் கேக்கை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் கண்ணாடியை இறக்கி, கழுத்தை வெளியே நீட்டி, "பாம் பாம்" என்றார்.